அட்மின் மட்டுமே பேசும் சபை

பெங்களூரில் ஒரு பங்குப் பேரவைக் கூட்டத்திலோ, சபைக் கமிட்டியிலோ, தொண்டு நிறுவனத்தின் திட்டக் கூட்டத்திலோ உட்கார்ந்து பாருங்கள். மக்களிடம் எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்வி எழுந்தால் பதில் தயாராக இருக்கும்: “எல்லார் கையிலும் போன் இருக்கு, குரூப்பில் போட்டுவிடலாம்.” அத்தோடு மக்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் கேமரா, யூடியூப் சேனல், ஆப் பற்றியே போகும்.

இந்த நம்பிக்கை பிழையானது. பிழை என்று சொல்லிக் கடந்துபோக முடியாத அளவுக்குத் தீங்கும் செய்கிறது. ஏழைகளுக்காகவே இருக்கிறோம் என்று சொல்லும் அமைப்புகள், அந்த ஏழைகளைப் பார்க்காமலும் அவர்கள் பேச்சைக் கேட்காமலும் இருக்க இது அனுமதி கொடுத்துவிடுகிறது. பதில் சொல்ல வழி வைக்காமல் அனுப்பும் எந்தச் செய்தியும் யாரையும் சென்றடைவதில்லை. போனின் திரையில் போய் விழுகிறது, அவ்வளவுதான்.

போன் உண்மையில் யார் கையில் இருக்கிறது? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்பவர்கள் 54 சதவீதம் என்கிறது. இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 57 சதவீதம். இந்த எண்கள் அதன்பின் கூடியிருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் இருந்தால் அது பகலில் கணவரோடு வேலைக்குப் போகிறது, இரவில் படிக்கும் பிள்ளையிடம் இருக்கிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் அம்மாவிடம் இருப்பது பெரும்பாலும் பட்டன் போன். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை ஒன்றாக உயர்த்தின. ரீசார்ஜ் தள்ளிப்போனால் சில நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுபோகும். ஒரு மாதம் வேலை இல்லாமல் போகிற குடும்பத்தில் முதலில் வெட்டப்படும் செலவுகளில் ரீசார்ஜும் ஒன்று. அமைப்பின் உதவி மிகவும் தேவைப்படுகிற அதே மாதத்தில்தான் அந்தக் குடும்பம் அமைப்பின் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துபோகிறது.

போன் இருக்கிறது, ரீசார்ஜும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எழுத்து? அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், விவேக்நகர் என்று பெங்களூரின் பழைய தமிழ்ப் பகுதிகளில் வளர்ந்த பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழில்தான் ஜெபிப்பார்கள், சண்டையும் தமிழில்தான். படித்ததோ கன்னடப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ. தமிழ் எழுத்து அவர்களுக்கு ஓடாது. இப்படிப்பட்ட மக்களுக்குத்தான் நாற்பது வரித் தமிழ் அறிவிப்பைப் படமாக்கி அனுப்புகிறோம். அவர்களும் கும்பிடுகிற கை ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கையைப் பார்த்து, செய்தி சேர்ந்துவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம்.

எண்கள் நம்மை ஏமாற்றும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு சாம்பல் டிக் விழுந்தால் செய்தி கருவிக்குப் போயிருக்கிறது என்று மட்டுமே பொருள். ஃபேஸ்புக் மூன்று நொடி ஓடிய வீடியோவையே ஒரு பார்வையாகக் கணக்கிட்டு வந்திருக்கிறது. விரல் தள்ளத் தாமதித்தவரும் அதில் பார்வையாளர்தான். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால், அனுப்புபவரின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். அலுவலக எண்ணைச் சேமித்து வைப்பவர்கள் ஏற்கெனவே நெருக்கமானவர்கள். புதிதாகக் குடிவந்தவர், கோபித்துக்கொண்டு விலகியவர், ஒரே ஒரு முறை கூச்சத்தோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆகியோருக்கு அது போவதே இல்லை. யாரைத் தேடிப் போக வேண்டுமோ, அவர்களை விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் போகிறது.

போனின் சக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எப்படிப்பட்ட சக்தி என்பதை இந்த நகரம் இரண்டு முறை கண்ணால் பார்த்தது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தி எஸ்.எம்.எஸ்., எம்.எம்.எஸ். வழியாகப் பரவி, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடவேண்டி வந்தது. மொத்தமாகச் செய்தி அனுப்புவதை மத்திய அரசு 15 நாள் தடை செய்தது. பயப்படத் தேவையில்லை என்று அரசு எத்தனை முறை அறிவித்தும் நம்பிக்கை வரவில்லை. அமைச்சர்களும் காவல்துறை அதிகாரிகளும் ரயில் நிலையத்துக்கே போய் முகத்துக்கு முகம் நின்று பேச வேண்டியிருந்தது. 2018 மே மாதம் சாமராஜப்பேட்டையில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், பிழைப்பு தேடி ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞரை அடித்தே கொன்றது. இந்தியா முழுவதும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகுதான், அந்த ஜூலையில் ஃபார்வர்டு செய்வதற்கு ஒரு முறைக்கு ஐந்து சாட் என்ற வரம்பை வாட்ஸ்அப் கொண்டுவந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒரே பாடம் இருக்கிறது. பயத்தைப் பரப்ப எதிர்ப்பக்கத்துப் பதில் தேவையில்லை. ஒருவழியாக அனுப்பினால் போதும். நம்பிக்கையை உண்டாக்க, கேள்வி கேட்கவும் பதில் பெறவும் ஒரு ஆள் வேண்டும். அன்பையும் நீதியையும் சொல்ல வந்த அமைப்புகள், வதந்தி போகிற அதே ஒருவழிப் பாதையில் தங்கள் செய்தியையும் அனுப்பிவிட்டு, அது வேறு பலனைத் தரும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

இப்போது நம் குரூப்புகளைப் பாருங்கள். அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்ற வசதி 2018இல் வாட்ஸ்அப்பில் வந்தது. வந்த வேகத்தில் பங்குகளும் சபைகளும் சங்கங்களும் அதை வைத்துத் தங்கள் குரூப்புகளைப் பூட்டிக்கொண்டன. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் நிலைமை இன்னும் மோசம். பின்தொடர்பவர் ஒரு எமோஜி போடலாம், தானாக ஒரு வார்த்தை எழுத முடியாது. குரூப்பைத் திறந்துவிட்டால் குட் மார்னிங் படமும் அரசியல் சண்டையும் வந்து நிறையும் என்பார்கள். உண்மைதான். அதற்கு மருந்து, ஐந்நூறு பேர் குரூப்பை உடைத்துத் தெருவுக்கு ஒன்றாக இருபது முப்பது பேர் குரூப்பாக்குவது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அமைப்பு ஏற்கெனவே தெருவாரியாக இருக்கிறது. வீடு வீடாகக் கூடிப் பேசும் பழக்கமும் இருக்கிறது. அதைப் பலப்படுத்தாமல் ஐந்நூறு வாயையும் மொத்தமாகப் பூட்டிவிட்டு, அதற்குத் தகவல் தொடர்பு என்று பெயர் வைப்பது மக்களுக்குச் செய்யும் அவமானம்.

கொரோனாக் காலத்தைக் காட்டி எனக்கு மறுப்புச் சொல்வார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் கோயில் கதவுகள் மூடியபோது லைவ் திருப்பலியும் ஆன்லைன் ஆராதனையும் எத்தனை வீடுகளுக்கு ஆறுதலாக இருந்தன! மறுக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யும் மகனுக்கும் அது இன்றும் வரம். ஆனால் அதே 2020 ஏப்ரலில் போப் பிரான்சிஸ், திரை வழியாக மட்டும் நடக்கும் வழிபாடு நெருக்கடிக் காலத்தின் நிலைமையே தவிரத் திருச்சபையின் இயல்பான வாழ்வு ஆகாது என்று தம் காலை மறையுரையில் எச்சரித்தார். 2023 மே மாதம் சமூக ஊடகங்கள் பற்றி வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை வெளியிட்ட ஆவணம் நல்ல சமாரியன் உவமையை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தவர்கள் மூன்று பேர், நின்றவன் ஒருவன். நம் திரைகள் பார்த்தவர்களை எண்ணுகின்றன. நின்றவர்களை எண்ண நமக்கு ஒரு கணக்கும் இல்லை.

சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னைப் பேராலயத்துக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 தேர் வரை போய்ப் பாருங்கள். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கும், அன்னைக்குச் சேலை கொண்டுவருகிறவர்களுக்கும் யூடியூப் தெரியாமல் இல்லை. தங்கள் வேண்டுதலை யாரோ கேட்கிறார்கள் என்ற உறுதிக்காக வருகிறார்கள். சொல்ல வருகிறார்கள் அவர்கள். கேட்டுவிட்டுப் போக மட்டும் வரவில்லை.

நம் முன்னோடிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவ வானொலி அமைப்பான ஃபெபா இந்தியாவின் தமிழ் நிகழ்ச்சிகள் செஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் வந்தன. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணிக்கு, போர்க்காலத்து ஈழத்தில் காது கொடுத்துக் காத்திருந்த வீடுகள் எத்தனை! கடல் தாண்டி ஒருவழியாக வந்த ஒலிபரப்பு அது. ஆனாலும் அந்த நிலையத்தார் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் தபால் முகவரியைச் சொன்னார்கள். வந்த கடிதங்களைப் பெயரும் ஊரும் சொல்லிப் படித்தார்கள், பதில் போட்டார்கள். ஊர் ஊராக நேயர் மன்றங்கள் உருவானது அந்தப் பதில்களால்தான். பதினைந்து பைசா அஞ்சலட்டைக்கு அன்று கிடைத்த மரியாதை இன்று 5ஜி போனில் வரும் கேள்விக்குக் கிடைப்பதில்லை. கருவி வளர்ந்துவிட்டது, கேட்கும் பழக்கம் சுருங்கிவிட்டது.

போனை இருவழியாக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். சத்தீஸ்கரின் பழங்குடி மக்களுக்காக சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் சேவை, பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தின் துணையோடு உருவானது. அதற்கு இணையம் வேண்டியிருக்கவில்லை, எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அதுவே திரும்ப அழைத்தது. ஒரு பட்டனை அழுத்தித் தன் குறையைத் தன் மொழியில் பதிவு செய்ய முடிந்தது, இன்னொன்றை அழுத்தி மற்றவர்கள் சொன்னதைக் கேட்க முடிந்தது. வராத கூலியையும் பழுதான அடிபம்பையும் பட்டன் போன் வைத்திருந்தவர்கள் இப்படி வெளியே கொண்டுவந்தார்கள். கேட்டவர்கள் அதிகாரிகளுக்குப் போன் போட்டுத் தொடர்ந்தார்கள். பெங்களூரிலேயே 2010இல் தொடங்கிய ஜிப்டயல் நிறுவனம், காசு செலவில்லாத மிஸ்டு காலை வைத்தே தொழில் செய்தது. 2015இல் ட்விட்டர் அதை வாங்கிக்கொண்டது. மிஸ்டு கால் என்பது ஏழை மனிதர் “என்னை அழையுங்கள்” என்று கேட்கும் வழி என்பதை வியாபாரிகள் புரிந்துகொண்டார்கள். சேவைக்கென்றே இருக்கிறவர்களுக்கு அது இன்னும் புரியவில்லை என்பதுதான் வேதனை.

ஆள் இல்லை, பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். கேமராவுக்கும் ஒலிப்பெட்டிக்கும் நன்கொடை திரட்ட முடிகிற அமைப்பால், போன் எடுக்க இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். ஒரு எண்ணை அறிவியுங்கள். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்த ஆள் அதை எடுக்கட்டும். வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் மாலை ஏழு முதல் பத்து வரை எடுக்கட்டும். காலை பத்து முதல் ஐந்து வரை என்ற அலுவலக நேரத்தில் பேச முடிகிறவர்களுக்கு நம் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. மிஸ்டு கால் வந்தால் அன்றே திரும்பக் கூப்பிடட்டும். அறிவிப்புகளை எழுத்தோடு ஒரு நிமிடக் குரலாகவும் அனுப்புங்கள். மூன்று மாதம் சத்தமில்லாத எண்களைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்கள்.

இரகசியம் காப்பது என்ற இன்னொரு கடமையும் உண்டு. ஜெப விண்ணப்பமாக வந்த ஒருவரின் நோயும் கடனும் குடும்பச் சண்டையும் குரூப்பில் பெயரோடு சுற்றுகின்றன. உதவி வாங்கிய பெண்ணின் படம் கேட்காமலே போஸ்டராகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ்.புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியம் இல்லை இது. நம்பிச் சொன்னவரின் இரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவரிடம் யாரும் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டறிக்கையில் பார்வைகளின் எண்ணிக்கையைப் போடாதீர்கள். இந்த ஆண்டு நம்மை அழைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் திரும்பப் பேசினோம், எத்தனை வீட்டுக்குப் போனோம், அவர்கள் சொன்னதைக் கேட்டு நாம் எதை மாற்றிக்கொண்டோம் என்று எழுதுங்கள். முதல் வருடம் அந்த எண்கள் சிறியதாகவும் வெட்கப்படும்படியாகவும் இருக்கும். ஆனால் அவை உண்மையான எண்கள். அவற்றைக் கூட்டுவதற்காக உழைக்கிற அமைப்பைத்தான் மக்கள் தங்களுடையது என்று நம்புவார்கள்.