குதிரைக்கும் இடம் உண்டா? சர்ச் என்ஜின் சொல்வது பதில் அல்ல

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நாம் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம், "இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கும்" என்பதுதான். இது பாதி உண்மை. சமையல் குறிப்பு, சினிமா நேரம், ஒரு சொல்லுக்குப் பொருள் போன்றவற்றைத் தேடினால் முதலில் வரும் பதிலே போதும். அது தவறாக இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் சில தேடல்களில் பதில் தவறினால் பணமும் போகும், ஒரு வாயில்லா ஜீவனும் அவதிப்படும். அப்படிப்பட்ட தேடல் ஒன்றை எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் சொந்தக் குதிரையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பகுதிக்குச் சென்று, அங்கே முகாமில் தங்கி, காட்டுப் பாதைகளில் சவாரி செய்வது பலருக்குப் பழக்கம். ஆனால் எல்லா முகாம்களிலும் குதிரைக்கு அனுமதி இல்லை. குதிரைகளுக்கு என்றே தனி முகாம்கள் உண்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் எப்படிக் கண்டுபிடிப்பது? "நமக்கு எதற்கு இந்தக் குதிரைச் சமாச்சாரம்?" என்று கேட்க வேண்டாம். தேடலில் எங்கெல்லாம் ஏமாறலாம் என்பதனைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தவறினால் என்ன ஆகும்?

ஒரு குதிரையின் எடை சுமார் 500 கிலோ. ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். எட்டு முதல் பத்து கிலோ வரை உலர்ந்த புல் தின்னும். பல மணி நேரம் டிரெய்லரில் நின்றுகொண்டே பயணம் செய்த குதிரையை இறக்கி, தண்ணீர் காட்டி, பாதுகாப்பாகக் கட்ட இடம் வேண்டும். இரவு எட்டு மணிக்கு முகாம் வாசலில் "இங்கு குதிரைக்கு அனுமதி இல்லை" என்று சொன்னால் என்ன செய்வது? மனிதர்கள் மட்டும் என்றால் வழியில் ஒரு லாட்ஜில் தங்கிவிடலாம். குதிரைக்கு எந்த லாட்ஜ் கதவு திறக்கும்? குறுகிய காட்டுச் சாலையில் நீளமான டிரெய்லரைத் திருப்புவதும் எளிதல்ல. ஆகவே "இருக்கலாம்" என்ற பதில் இங்கே போதாது. "உண்டு" என்ற பதில்தான் வேண்டும்.

முதல் கேள்வி: இடம் யாருடையது?

பெரும்பாலானவர்கள் சர்ச் என்ஜினைத் திறந்ததும் "குதிரை முகாம், காடு" என்று டைப் செய்வார்கள். உடனே நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்து நிற்கும். அங்கேயே தலை சுற்றிவிடும். என் கருத்தில், முதலில் கேட்க வேண்டியது "அந்தக் காட்டை நிர்வகிப்பது யார்?" என்பதைத்தான்.

அமெரிக்காவில் காடு என்றால் ஒரே நிர்வாகம் அல்ல. விவசாயத் துறையின் கீழ் வரும் வனத்துறை 154 தேசியக் காடுகளையும் 20 தேசியப் புல்வெளிகளையும் பார்த்துக்கொள்கிறது. மொத்தம் சுமார் 19.3 கோடி ஏக்கர். 1916ல் தொடங்கப்பட்ட தேசியப் பூங்காச் சேவை வேறு. அது உள்துறையின் கீழ் வருகிறது. இவை தவிர ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக மாநிலப் பூங்காக்களும் மாநிலக் காடுகளும் உண்டு. தனியார் நடத்தும் முகாம்கள் வேறு. ஒவ்வொருவருக்கும் தனி விதி, தனி வெப்சைட், தனி முன்பதிவு முறை.

இண்டியானா மாநிலத்தின் தெற்குப் பகுதி இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஹூசியர் தேசியக் காடு இருக்கிறது. அதில் பிளாக்வெல், ஹிக்கரி ரிட்ஜ், ஷர்லி கிரீக், யங்ஸ் கிரீக் என்ற பெயர்களில் குதிரை முகாம்கள் உள்ளன. பிளாக்வெல் முகாம் சார்லஸ் டீம் வனப்பகுதியை ஒட்டியது. 1982ல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு சுமார் 13,000 ஏக்கர். இவை மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம். சற்றுத் தூரத்தில் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்கா. அங்கேயும் குதிரைக்காரர்களுக்குத் தனி முகாம் உண்டு. ஆனால் அது மாநில அரசுடையது. மத்திய அரசின் முன்பதிவு வெப்சைட்டில் எவ்வளவு தேடினாலும் அதற்கு இடம் பதிவு செய்ய முடியாது. மாநிலத்தின் வெப்சைட்டுக்குத்தான் போக வேண்டும். காடு பக்கத்துப் பக்கத்தில்தான். ஆனால் கம்ப்யூட்டரில் அவை இரண்டு வேறு உலகங்கள்.

"யாருடையது?" என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சர்ச் என்ஜினில் "சைட்" என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த நிர்வாகத்தின் வெப்சைட் முகவரியைக் கொடுங்கள். அதன்பின் ஓர் இடைவெளி விட்டுத் தேட வேண்டிய சொல்லைக் கொடுங்கள். அந்த ஒரு வெப்சைட்டுக்குள் உள்ள பக்கங்கள் மட்டுமே வரும். கூகுளில் இந்த வசதி உண்டு. அமெரிக்க அரசு வெப்சைட்டுகளின் முகவரி பொதுவாக "டாட் கவ்" என்று முடியும் என்பதையும் கவனியுங்கள். அதே போலத் தோற்றம் அளிக்கும் பிற வெப்சைட்டுகளில் பணம் கட்டி ஏமாறாமல் இருக்க இது உதவும்.

சொல் மாறினால் விடையும் மாறும்

அடுத்த சிக்கல் சொற்கள். ஒருவர் "ஹார்ஸ் கேம்ப்" என்கிறார். இன்னொருவர் "ஹார்ஸ்மென்ஸ் கேம்ப்கிரவுண்ட்" என்கிறார். முன்பதிவு வெப்சைட்டில் அதுவே "ஈக்வெஸ்ட்ரியன்" என்று இருக்கிறது. மேற்கு மாநிலங்களில் குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றைச் சேர்த்து "ஸ்டாக்" என்று எழுதுகிறார்கள். "ஸ்டாக்" என்று மட்டும் தேடினால் பங்குச் சந்தை வந்து நிற்கும்! ஆகவே ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று மவுஸைக் கீழே வைத்துவிடாதீர்கள். மூன்று, நான்கு சொற்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

விடை வந்த பிறகும் அதன் பொருளைப் பார்க்க வேண்டும். டெனிசி, வட கரோலினா மாநிலங்களில் பரவியுள்ள கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே சுமார் 550 மைல் நீளப் பாதைகளில் குதிரைக்கு அனுமதி உண்டு. வாகனத்தில் சென்று சேரக்கூடிய ஐந்து குதிரை முகாம்கள் உண்டு. அத்துடன் வாடகைக் குதிரையில் வழிகாட்டியுடன் சவாரி செய்யும் லாயங்களும் உண்டு. ஆக, "குதிரைச் சவாரி வசதி உண்டு" என்று ஒரு பக்கத்தில் இருந்தால் அது எதைக் குறிக்கிறது? வாடகைக் குதிரையா, பாதை மட்டுமா, உங்கள் குதிரையுடன் இரவு தங்குவதா? மூன்றும் வேறு.

சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இப்படிப்பட்ட வெப்சைட்டுகளின் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருக்கும். அதில் "குதிரை" என்ற கட்டத்தில் "உண்டு" என்று இருக்கலாம், "இல்லை" என்று இருக்கலாம், யாரும் எதையும் நிரப்பாமலும் விட்டிருக்கலாம். காலியாக உள்ள கட்டமும் "இல்லை"யும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் பில்டர் போடும்போது இரண்டும் சேர்ந்தே மறைந்துவிடும். தேதி கொடுத்துக் காலி இடம் தேடும்போதும் இதே கதைதான். முன்பதிவு இல்லாமல் முதலில் வருபவருக்கு முதலில் இடம் தரும் முகாம்கள் அந்தப் பட்டியலில் நழுவிப் போகும். ஆகவே முதலில் பில்டர் இல்லாமல் ஒருமுறை, பிறகு பில்டருடன் ஒருமுறை பாருங்கள்.

பழைய பக்கம், புதிய ஆபத்து

இன்டர்நெட்டில் எழுதிய பக்கம் எளிதில் அழிவதில்லை. பத்து வருடத்துக்கு முன் எழுதியதும் நேற்று எழுதியதைப் போலவே பளபளப்பாகத் தெரியும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப் பகுதியைச் சின்னாபின்னமாக்கியது. ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பூங்காவில் பிக் கிரீக், காட்டலூச்சி பகுதிகள் சேதமடைந்து மூடப்பட்டன. ஐந்து குதிரை முகாம்களில் இரண்டு இந்தப் பகுதிகளில்தான் இருக்கின்றன. புயலுக்கு முன் யாரோ எழுதிய "சிறந்த ஐந்து குதிரை முகாம்கள்" என்ற பக்கத்துக்கு இந்தச் செய்தி தெரியுமா? தெரியாது. அந்தப் பக்கத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டவர் மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவர்தான்.

இப்போது சர்ச் என்ஜின்கள் பட்டியலுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தையும் காட்டுகின்றன. பார்க்க அழகாக, தெளிவாக இருக்கும். ஆனால் அது பல பக்கங்களிலிருந்து திரட்டிய சாறு. அதில் பழையதும் புதியதும் கலந்திருக்கலாம். எங்கே போய்ப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள அதைப் பயன்படுத்துங்கள். முடிவு செய்ய அது போதாது.

பயணிகள் எழுதும் விமர்சனங்களையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. டிரெய்லரைத் திருப்ப இடம் போதுமா, கிளைகள் தாழ்ந்து இடிக்குமா, ஈ தொல்லை எப்படி என்பதெல்லாம் அரசு வெப்சைட்டில் இருப்பது அபூர்வம். நேரில் சென்றவர்தான் சொல்வார். படிக்கும் முன் அதன் தேதியைப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஒரு சின்ன டேபிள் போதும்

எக்ஸெல் போன்ற ஏதாவது ஒரு விரிதாள் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். கிடைத்த முகாம்களை வரிசையாக எழுதி, எதிரே இந்தக் கேள்விகளுக்குக் கட்டம் போடுங்கள்.

1. நிர்வாகம் யார்? போன் எண் என்ன?
2. முன்பதிவு உண்டா? மத்திய அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் வெப்சைட்டில் பல முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும்.
3. குதிரைக்குத் தண்ணீர் அங்கேயே கிடைக்குமா, கொண்டு போக வேண்டுமா?
4. குதிரையை எப்படிக் கட்ட வேண்டும்? அடைப்பு உண்டா? மரத்தில் நேராகக் கட்டினால் பட்டை உரியும், குளம்பால் வேர் சேதமாகும். எனவே பல இடங்களில் இரண்டு மரங்களுக்கு இடையே உயரத்தில் கயிறு கட்டி, அதில்தான் கட்டச் சொல்வார்கள்.
5. எந்தப் புல் கொண்டு போகலாம்? கொலராடோ தேசியக் காடுகளில் களை விதை இல்லை என்று சான்றிதழ் பெற்ற புல்லுக்கு மட்டுமே அனுமதி. இல்லாவிட்டால் லத்தியின் வழியே களைகள் காடு முழுவதும் பரவும்.
6. என்ன பேப்பர்கள் வேண்டும்? மாநில எல்லை தாண்டும்போது பொதுவாக "காகின்ஸ்" என்ற ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். குதிரைகளுக்கு வரும் ஒரு வகைத் தொற்று ரத்தசோகை நோய்க்கான பரிசோதனை இது. கடிக்கும் ஈக்கள் வழியே பரவும் அந்த நோய்க்கு மருந்து இல்லை.
7. இந்தத் தகவலை எந்தத் தேதியில் சரிபார்த்தேன்?

ஏழாவது கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அதைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

கடைசியில் ஒரு போன்

டேபிளில் இரண்டு, மூன்று முகாம்கள் மிஞ்சும். இப்போது அந்த நிர்வாகத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்து, தேதியைச் சொல்லிக் கேளுங்கள். "போன்தான் செய்ய வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நூறு இடங்களுக்குப் போன் செய்ய யாராலும் முடியாது. நூறை மூன்றாகக் குறைப்பது கம்ப்யூட்டரின் வேலை. அந்த மூன்றில் ஒன்றுக்கு "வாருங்கள்" என்று சொல்வது, வாசல் சாவியை வைத்திருப்பவரின் வேலை. ஒருவர் வேலையை மற்றவர் மேல் போடும்போதுதான் தவறு நடக்கிறது.

போன் வைத்த பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி. காட்டுக்குள் பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது. எனவே முன்பதிவு ரசீது, வழி வரைபடம், அலுவலக எண் ஆகியவற்றை பிடிஎப் பைலாக ஒரே போல்டரில் சேமித்துக்கொண்டு, ஒரு பிரிண்டும் எடுத்து வண்டியில் வைத்துவிடுங்கள். எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதைக் காட்டும் வரைபடங்களை வனத்துறை தன் வெப்சைட்டில் இலவசமாகவே தருகிறது.

ரயில் டிக்கெட்டோ, கல்லூரி விண்ணப்பமோ, ஆஸ்பத்திரி நேரமோ, எதைத் தேடினாலும் இந்த வரிசையே போதும்: யாருடையது, என்ன சொல்லில் இருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியது, யார் உறுதி சொன்னது. கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே இந்த நான்கு கேள்விகளையும் பழக்கிக்கொண்டால், சர்ச் என்ஜின் உங்களுக்கு நல்ல வேலைக்காரனாக இருக்கும். கேள்வி கேட்காமல் நம்பினால், எங்கே கொண்டுபோய் விடும் என்று அதற்கே தெரியாது.