கருப்பாயிக்குக் கிடைத்த மைக்

நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில் 99 வயதில் மறைந்தார். சிவகங்கைச் சீமையின் வயற்காட்டுப் பாட்டை வானொலி ஊரெல்லாம் கொண்டுபோனது. 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பாடினார், நடித்தார். 1993இல் கலைமாமணி ஆனார். அவர் குரல் அபூர்வம்தான். ஆனால் மைக் அவரைத் தேடி வந்ததே, அது அதைவிட அபூர்வம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் அந்த மைக் எத்தனை பேரைத் தேடி வந்தது? செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்தைச் சேமிப்புப் பட்டறையில் ஏற்றுமுன் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அரிவார்கள். கை அரிவாளில் இருக்கும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் செல்போன்தான் பாடுகிறது. மக்காச்சோளக் காட்டில் இயந்திரம் இறங்கிய பிறகு கூட்டு வேலையும் குறைந்தது, அதோடு பாட்டும். ஒப்பாரி மட்டும் இன்னும் மிச்சம். இழவு வீட்டில் செத்தவரின் குணத்தையும் குறையையும் அந்த நொடியிலேயே பாட்டாகக் கட்டும் கிழவியைவிடப் பெரிய கவிஞர் யார்?

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. மேடை ஏறாத இந்தப் பெண்கள் தங்களைக் கலைஞர் என்று எண்ணுவதே இல்லை, பிறகு எங்கே பதிவு செய்வது? இரு மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இந்தப் பாட்டுகளைப் பாடுபவர் பெயரோடும் ஊரோடும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கட்டும். களையெடுப்பை விட்டுவிட்டு வந்து பாடுகிறவருக்கு, சால்வை வேண்டாம், அன்றைய கூலிக்கு மேலாகப் பணம் கொடுங்கள்.