பணியிடத்துப் பெயர்

கடலூரை அடுத்துக் கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு செல்லுமோ அவ்வளவு நிலமும் அவர்களுக்கு உரியது என்பது ஏற்பாடு. அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன.

அப்பொழுது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். சிறிய எழுத்தராகக் கம்பெனியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர் அவர். திறமையில் அவருக்குக் குறைவில்லை. கம்பெனி ஊழியர் ஓரளவு தனி வாணிகம் செய்வதற்கு அக்காலத்தில் இசைவும் இருந்தது. ஆயினும், அவர் அந்த அளவைக் கடந்து, கம்பெனியின் கட்டளைக்கு மாறாக மறைவான ஒப்பந்தங்களால் பெரும்பொருள் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1692-இல் அவர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். பின்னர் 1718-இல் அமெரிக்காவிலுள்ள ஒரு கல்விச்சாலைக்கு அவர் அனுப்பிய பொருள்கள் 562 பவுனுக்கு விற்கப்பட்டன. அந்நன்றிக்காக அக்கல்விச்சாலை அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

“அவர் பெயர் நிலைத்துவிட்டதே!” என்று நீங்கள் கேட்கலாம். நிலைத்தது உண்மையே. ஆனால், அது கொடையால் வந்த பெயர். பணியில் அவர் பெற்ற பெயர் வேறு. அது கம்பெனியின் பழைய கடிதங்களில் இருக்கிறது. தம்மை நம்பி ஒப்படைத்ததை ஒருவர் எவ்வாறு கையாண்டார் என்பதைப் பற்றி உடன் இருந்தோர் கூறும் சொல்லே பணியிடத்துப் பெயர் ஆகும்.

‘உழைத்தால் போதும், பெயர் தானே வரும்’ என்பர் சிலர். நான் அதனை முழுதும் ஒப்பவில்லை. உழைப்பாளர் பலர் பெயரின்றிப் போனதுண்டு. பெயரையும் பேணத்தான் வேண்டும். எவ்வாறு பேணுவது என்பதே கேள்வி. அதற்கு விடை காணக் கடலூரிலிருந்து தெற்கே வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் வரை சென்றால் போதும். அங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1924 முதல் 1927 வரை விளங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அப்பதவிக்கு அவரை உரியவராக்கிய பெயர் எப்படி வந்தது என்பதைக் கும்பகோணத்திலிருந்து தொடங்கிக் காணவேண்டும்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபொழுது, தம் இடத்திற்கு ஐயரையே பரிந்துரைத்தார். ஐயருக்கு அப்பொழுது வயது 25. இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர்கள். ஐயரின் கல்வியைச் செட்டியார் நேரில் அறிந்திருந்தார். இளைஞருக்கு முதலிற் கிடைக்கும் பெயர் இத்தகையதே. அது மூத்தோர் ஒருவர் தம் பெயரை நமக்காக ஈடு வைப்பது. அதனைக் கெடுத்தால் இருவர் பெயர் கெடும்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் ஐயரைக் கண்டு, என்னென்ன நூல்கள் படித்தீர்கள் என வினவினார். ஐயர் அந்தாதி, கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியாருக்கு அவை வியப்பளிக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். கல்லூரித் தமிழாசிரியருக்கு அது சங்கடமான கேள்வி. தெரிந்ததுபோல் பேசி நழுவியிருக்கலாம். படித்ததில்லை என்று ஐயர் ஒப்புக்கொண்டார். பின்னர் முதலியார் அந்நூலின் கையெழுத்துப் படியை அவருக்கு அளித்தார். அறியாமையை மறைத்திருந்தால் அப்படி கைக்கு வந்திருக்குமோ?

அதனைப் படிக்கத் தொடங்கியபின் சமண சமயச் சொற்கள் விளங்கவில்லை. ஐயர் கும்பகோணத்துச் சமணர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் மாணாக்கரைப் போலக் கேட்டறிந்தார். பண்டிதர் பிறரிடம் பாடங் கேட்பதா என்ற கூச்சம் அவரைத் தடுக்கவில்லை. ஏடு தந்தவர், பொருள் கூறியவர் ஆகியோரின் உதவியைத் தம் முகவுரைகளில் நன்றியோடு குறித்தார். பிறர் செய்த வேலையைத் தமதாகக் காட்டி மேலதிகாரியிடம் மெச்சுப் பெறுவாரை எந்த அலுவலகத்திலும் காணலாம். அவர்களை அதிகாரி சில காலம் நம்புவார். பக்கத்து மேசைக்காரர் ஒருநாளும் நம்பார்.

1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. புகழோடு கண்டனங்களும் எழுந்தன. மனம் புண்பட்ட ஐயர் மறுப்பு எழுதி, கல்லூரி நண்பர் சாது சேஷையரிடம் காட்டினார். மறுப்பெழுதிக் காலத்தை வீணாக்க வேண்டாம் என்று நண்பர் தடுத்தார். ஐயரும் அதனை விட்டுவிட்டு, அடுத்த நூலின் பதிப்பில் இறங்கினார். எல்லாப் பழிக்கும் மௌனமே மருந்து என்று நான் கூறமாட்டேன். பணம் களவு செய்தான் என்று பழித்தால் கணக்கைக் காட்டித்தான் ஆகவேண்டும். ஆனால், புலமையைக் குறித்த பழிக்குச் சரியான விடை அடுத்த நூலே. சிந்தாமணியையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்குப்பின், 1907-இல், அதன் இரண்டாம் பதிப்பைத் திருத்தங்களோடு வெளியிட்டார்.

1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். ஐந்தாண்டு கழித்து, 69-ஆம் வயதில், அண்ணாமலை செட்டியார் நிறுவிய சிதம்பரம் கல்லூரியில் தலைமைப் பொறுப்பேற்றார். உடல்நலம் குன்றவே 1927-இல் அப்பொறுப்பை விட்டுச் சென்னைக்குத் திரும்பி, எஞ்சிய ஆண்டுகளையும் ஏடுகளோடேயே கழித்தார்.