சூடு என்னும் சாக்கு

இளம்பிள்ளை விசைத்தறிக் கூடத்தில் நிற்கும் ஒரு பெண், அடிவயிறு வலிக்கிறது, வெள்ளைப்படுகிறது, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று சொல்லிப் பார்க்கட்டும். ஊரே மருத்துவர் ஆகிவிடும்: "உடம்புச் சூடு. கறி, கருவாட்டை நிறுத்து."

மாட்டுக்கறியும் கருவாடும் சூடாம். மோரும் நெய்யும் குளிர்ச்சியாம். சாதிப் படிநிலை இங்கே வைத்தியர் வேடத்தில் வருகிறது.

வயசுக்கு வந்தபோது பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் ஊட்டிய வீடுதான் இது. பிள்ளை பெறப்போகும் கருப்பைமேல் இருந்த அக்கறை, வலிக்கும் பெண்மேல் ஏன் இல்லை?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து கறியிலும் ஈரலிலும் இருக்கிறது. அதைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள்.

கூடத்தில் கழிப்பறை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள், தொற்று வருகிறது. கழிப்பறையைக் கட்டாயமாக்கிய 1948 தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால்தான் பொருந்தும் என்றது. 2020 பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 'தொழிற்சாலை' என்பதற்கான வரம்பை 20 ஆக்கியது; கழிப்பறைக் கடமையோ அதிலும் 10 தொழிலாளர் இருந்தால்தான். சிறு தறிக்கூட முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தோழர்களே, அடுத்தமுறை "சூடு" என்று காதில் விழுந்தால் மூன்றைக் கேளுங்கள்: பரிசோதனை செய்தார்களா? கழிப்பறை எங்கே? அவள் தட்டில் கைவைக்க நீ யார்?