காலையில் 70, மாலையில் 40... கொய்யா வண்டி சொல்லும் கணக்கு!

எங்கள் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். கொய்யாப்பழம் மட்டும்தான். போன வாரம் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது விலை கேட்டேன்.

“கிலோ 70 ரூபா தம்பி” என்றார் அந்த அக்கா.

“நேத்து சாயங்காலம் 40க்குக் குடுத்தீங்களே... அதுலயும் உங்களுக்கு லாபம் இருந்திருக்கும்ல? இப்ப மட்டும் ஏன் 70?”

மடக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு. அக்கா கோபப்படவில்லை. “40க்குக் குடுத்தது லாபமில்ல தம்பி. குப்பைக்குப் போக இருந்தத காசாக்குனது. சாயங்காலம் வா, கணக்கு சொல்றேன்” என்றார்.

உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். மாலையில் பாதி விலைக்குத் தர முடிகிறதென்றால், காலையில் நம்மிடம் அதிகமாக வாங்குகிறார்களா? அன்று மாலை அவர் சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன்.

40 ரூபாய் பழம் 51 ரூபாய் ஆகும் கதை

அதிகாலையில் கோயம்பேடு. தலா 20 கிலோவில் 2 பெட்டி கொய்யா. கிலோ 40 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். ஆட்டோவில் நாலைந்து பேரோடு பங்கு போட்டு வர 150 ரூபாய். ஆக, முதல் 1,750 ரூபாய்.

40 கிலோவும் 70 ரூபாய்க்குப் போனால் 2,800 ரூபாய் வரும். கையில் 1,050 நிற்கும். நாம் மனசுக்குள் போடும் கணக்கு இதுதான். ஆனால், அப்படி ஒருநாளும் நடப்பதில்லை.

“பெட்டியோடதான் எடுக்கணும். பிரிச்சுப் பொறுக்க விடமாட்டாங்க. மேல நல்லா இருக்கும், அடியில நசுங்கி இருக்கும். வெயில்ல கொஞ்சம் போகும். 40 கிலோல 6 கிலோ போச்சுன்னு வெச்சுக்கோ.”

மிச்சம் 34 கிலோ. இப்போது 1,750 ரூபாயை 34ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 51 ரூபாய் 50 காசு வருகிறது. மார்க்கெட்டில் 40 ரூபாய்க்கு வாங்கிய பழத்தின் உண்மையான அடக்க விலை இதுதான். இதில் ஆட்டோ செலவு கிலோவுக்கு 4 ரூபாய்கூட இல்லை. அழுகல் மட்டுமே ஏறக்குறைய 8 ரூபாய்!

அந்த 34 கிலோவும் ஒரே விலைக்குப் போகாது. இருட்டுவதற்குள் 24 கிலோ 70 ரூபாய்க்குப் போனால் 1,680 ரூபாய். மீதி 10 கிலோ 40 ரூபாய்க்கு, 400 ரூபாய். மொத்தம் 2,080. முதலைக் கழித்தால் 330 ரூபாய். அதிகாலை 3 மணிக்கு எழுந்து இரவு 9 மணி வரை நின்றதற்கு!

மாலையில் விற்ற ஒவ்வொரு கிலோவும் அடக்க விலையைவிட 11 ரூபாய் குறைவு. ஆனாலும் விற்றாக வேண்டும். கனிந்த பழத்தை நாளைக்கு யாரும் அந்த விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். காலை 70 ரூபாய்தான் மாலை 40 ரூபாயைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

கொய்யாவுக்கு ஏன் இந்த அவசரம்?

பறித்த பிறகும் பழுத்துக்கொண்டே இருக்கும் பழங்களில் கொய்யாவும் ஒன்று. பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயு பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்கவைக்கும். தோலும் மெல்லியது. அடிபட்ட இடத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பஞ்சாபின் லூதியானாவில் இருக்கும், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தோட்டம் முதல் கடை வரை எந்தப் பொருள் எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கு அது. அதில் பழம், காய்கறிகளிலேயே அதிகம் வீணாவது கொய்யாதான், 15.88 சதவிகிதம். மாம்பழம் 9.16, வாழை 7.76, பப்பாளி 6.70 சதவிகிதம்.

“ஃப்ரிட்ஜில் வைக்கலாமே” என்று தோன்றும். காயாக இருக்கும் கொய்யாவை அதிகக் குளிரில் வைத்தால், வெளியே எடுத்த பிறகு சரியாகப் பழுக்காது. வாழைப்பழத் தோல் ஃப்ரிட்ஜில் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேபோலத்தான். அதைவிட முக்கியமாக, தள்ளுவண்டிக்கு ஏது ஃப்ரிட்ஜ்?

ஒரு மழை நாள் போதும்

இதுவரை சொன்னது சாதாரண நாள் கணக்கு. மழை நாளில் 10 கிலோதான் போனது என்றால், வருமானம் 700 ரூபாய். மீதி 30 கிலோ மறுநாளுக்குள் கனிந்துவிடும்.

“லாபம் போனா பரவால்ல தம்பி, ஒரு வேளை சாப்பாட்டக் கொறச்சுக்கலாம். முதலே போயிடும். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகக் கையில காசு இருக்காது. அப்பதான் தண்டல்காரர்கிட்ட போகணும்.”

காலையில் 900 ரூபாய் வாங்கினால் மாலையில் 1,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். அந்த 330 ரூபாயில் 100 வட்டிக்கே போய்விடும். மிஞ்சுவது 230. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விடிகாலை 3 மணிக்குக் கையில் காசு கொடுப்பவர் தண்டல்காரர்தான்.

2020இல் சாலையோர வியாபாரிகளுக்காக பி.எம். ஸ்வநிதி கடன் திட்டம் வந்தது. அப்போது முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை கொடுத்தார்கள், அடமானம் தேவையில்லை. அக்காவும் வாங்கியிருக்கிறார். “அத ஒழுங்காக் கட்டி முடிச்சேன். அடுத்தது கேக்கணும். அதுக்கு ரெண்டு நாள் பேங்குக்கு அலையணும், அந்த ரெண்டு நாள் பழத்த யாரு விப்பா?”

நம் விரலும் ஒரு காரணம்

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். ஏழெட்டுப் பழங்களைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அழுத்திய பழங்களை எடுத்து மாலைக் குவியலில் வைத்தார்.

“சொன்னா நாளைக்கு வர மாட்டாங்க” என்றார்.

வீணாகும் 6 கிலோவில் 3 கிலோ தப்பித்து, மாலை விலைக்கே போனால்கூட 120 ரூபாய். அவர் லாபம் 330இலிருந்து 450 ஆகும். அதற்கு நாமும் கொஞ்சம் உதவலாம்.

• அழுத்தாதீர்கள். முகர்ந்து பாருங்கள், வாசனை வந்தால் கனிந்துவிட்டது. “இன்னிக்கு சாப்பிட”, “ரெண்டு நாள் கழிச்சு சாப்பிட” என்று கேட்டால் அவர்களே சரியானதை எடுத்துத் தருவார்கள்.

• அன்றே சாப்பிடுவதாக இருந்தால் மாலையில் கனிந்த பழமாக வாங்குங்கள். உங்களுக்கு விலை குறைவு, அவர்களுக்குக் குப்பை குறைவு.

• வீட்டில் பழுத்ததையும் காயையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

• ரொம்பக் கனிந்துவிட்டால் ஜாம் கிளறலாம். கொய்யாவில் பெக்டின் அதிகம், நன்றாகக் கெட்டிப்படும். பூஞ்சை பிடித்த பழம் மட்டும் வேண்டாம்.

கிளம்பும்போது ஒரு கிலோ கேட்டேன். மணி எட்டு. “40தான் குடு” என்றார். மாலைக் குவியலிலிருந்தே போடச் சொன்னேன். தராசில் போட்டுவிட்டு, அந்தக் கட்டை விரல் பட்ட பழங்களில் ஒன்றைக் கொசுறாக வைத்தார்.

“இத மொதல்ல சாப்டுடு தம்பி. காலையில வரைக்கும் தாங்காது.”