மாணாக்கரும் மடிக்கணினியும்

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணாக்கரும், பல்கலைக்கழகம் புகக் காத்திருப்போரும், அவர்தம் பெற்றோரும் இன்று எம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: "எந்த மடிக்கணினியை வாங்கலாம்?" வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், தாயின் காப்பை ஈடு வைத்தோ, கடல் கடந்த உறவினரின் உழைப்பைக் கொண்டோ வாங்கப்படும் பொருளைப் பற்றியதாதலின், அது ஆராய்ந்து விடையிறுத்தற்குரியது.

நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிள்ளைகளுக்கு நூல்கள் வேண்டியிருந்தன. 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். முன்னர்த் தொழில், பின்னர்க் கருவி. இம்முறைமையே மடிக்கணினிக்கும் பொருந்தும் என்பது எமது துணிபு. நம்மவருட் பலரோ கருவியை முதலில் வாங்கி, அதற்குரிய தொழிலைப் பின்னர்த் தேடுகின்றனர்.

செய்நிரலாக்கம் பயில்வோனின் தொழில் யாது? பைதன் மொழியில் நிரல் எழுதுதல், இணையத்தளம் அமைத்தல், தரவுத்தளம் கையாளல் என்பனவே முதற்சில ஆண்டுகளின் பயிற்சி. இவற்றுக்கு 8 கிகாபைற் றாம் நினைவகமும் 256 கிகாபைற் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் போதும். கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்கப் புகுவோர்க்கு 16 கிகாபைற் நினைவகம் இருத்தல் நன்று. ஆதலின், பின்னாளில் நினைவகத்தைக் கூட்டத்தக்கதாய்த் திறந்து மாற்றக்கூடிய கணினியைத் தெரிதல் வேண்டும். விளையாட்டுக்கென ஆக்கப்பெற்றவற்றில் உள்ள தனி வரைவியற் செயலி, நிரல் கற்கத் தொடங்குவோனுக்குப் பெரும்பாலும் வேண்டப்படுவதன்று. அது விலையையும் பாரத்தையும் கூட்டும். மின்கலத்தையும் விரைவில் வற்றச் செய்யும்.

மின்கலத்தின் அருமையை நமக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990களில் மின்சாரமற்ற குடாநாட்டிலே போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தவர்கள் நாம். 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் 13 மணி நேரம் மின் தடைப்பட்டபோது, நம் பிள்ளைகளும் அந்நிலையைச் சிறிது கண்டனர். எனவே, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், நலிந்தால் அதற்கு மாற்று யாழ்ப்பாணத்திலே கிடைக்குமா என்பவற்றை வாங்குமுன் கேட்டறிக.

இனி, வெளிநாட்டிலிருந்து வருவன பற்றி ஒரு சொல். எம் மருகன் ஒருவனுக்குப் பாரிசிலுள்ள அவனது பெரியப்பா விலையுயர்ந்த கணினியொன்றை அன்போடு அனுப்பினார். பெட்டியைத் திறந்தால், விசைப்பலகை பிரெஞ்சு முறையினது. எழுத்துக்கள் இடம் மாறிக் கிடந்தன. எண்ணைத் தட்டவும் மற்றொரு விசையை அழுத்த வேண்டியிருந்தது. நிரலில் அடிக்கடி வரும் சதுர, நெளிவு அடைப்புக்குறிகளுக்கும் இரு விசைகள் வேண்டும். யேர்மன் விசைப்பலகையிலும் அடைப்புக்குறிகளுக்கு இதே தொல்லையுண்டு. அமைப்பை மாற்றலாம் என்பது உண்மையே; மாற்றினால் விசையில் ஓரெழுத்தும் திரையில் வேறெழுத்துமாகும். கற்கத் தொடங்கிய பிள்ளை மனஞ்சலித்தான். கொடுத்தவரின் அன்பிற் குறையில்லை. கேட்டுக் கொடுக்காமையே குறை.

அலுவலகங்களிற் பாவித்துக் கழித்துப் புதுக்கப்பெற்ற கணினிகளை இழிவென எண்ணற்க. 2022 இல் ரூபாய் வீழ்ந்தபின் பல குடும்பங்களுக்கு அவையே கைக்கெட்டுவன. அவற்றுட் பல உறுதியானவை. திறந்து பழுதுபார்க்க எளியவை. விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றதாதலின், விண்டோஸ் 11 ஏற்குமா என்பதை மட்டும் நோக்குக; இன்டெல் செயலியாயின் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாதல் வேண்டும். ஏலாதாயினும் இடருமில்லை. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கின்றது. பழைய கணினியிலும் அது நன்கியங்கும். உலகின் இணையச் சேவையகங்களுட் பெரும்பாலானவை அதன்மேலேயே இயங்குதலின், அதனைப் பயில்வதும் ஒரு கல்வியே.

மாணாக்கர்களே, "விரலுக்குத் தக்க வீக்கம்" என்பர் நம் முன்னோர். தோழன் வைத்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் செய்யப்போவதை எண்ணி வாங்குங்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விழா ஆண்டிலே கல்லூரிக்குக் கணினி வழங்க விரும்பும் அன்பர் பலர் உளர். அனுப்புமுன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, வேண்டுவது யாதெனக் கேளுங்கள். புதியன பத்து அனுப்பும் பொருளில் இரண்டின் விலையை ஒதுக்கி, மின்கலம், நினைவகம், விசைப்பலகை முதலிய உதிரிப்பாகங்களும் கருவிகளும் கொண்ட சிறு திருத்தகம் ஒன்றைக் கல்லூரியில் அமைத்துத் தாருங்கள். அங்கே பழுதுபார்க்கப் பயிலும் மாணாக்கன், நிரல் இயங்கும் பொறியின் உள்ளும் அறிவான். கணினியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, திருத்திய கணினியொன்றைத் தவணை முடியும்வரை இரவல் கொடுக்கவும் வழி பிறக்கும்.