பதில் வரும்வரை பொறுங்கள்



மே 30, உலக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தினம். தண்டுவட மரப்பு நோய் என்று அரசு ஆவணங்கள் குறிப்பிடும் இந்த நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது. கால் தளர்வதும் பார்வை மங்குவதும் வீட்டாருக்குத் தெரிந்துவிடும். ஞாபகமும் கவனமும் தடுமாறுவது எளிதில் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த நோயை 1868-இல் விரிவாக விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, நினைவாற்றல் குறைவதையும் யோசனை மெதுவாவதையும் அப்போதே கவனித்தார். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது நேர்கிறது. பெரும்பாலும் குறைவது வேகம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனை எடுத்தால் பால் மறந்துபோகும். ஆனால் படித்த படிப்பும் பேசும் மொழியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனாலேயே "சொன்னா காதுலயே வாங்கறதில்ல" என்ற பழி வந்து சேர்கிறது.

கள்ளக்குறிச்சியின் கத்திரி வெயிலில் தடுமாற்றம் கூடலாம். உடல் சூடேறினால், மேலுறை இழந்த நரம்பில் செய்தி செல்வது மேலும் தடைபடும். உடல் குளிர்ந்தால் சரியாகும். காலையில் கணக்கைச் சரியாகப் போட்டவர் மதியம் திணறினால் அது நடிப்பு அல்ல. வங்கி வேலை, மனு எழுதுவது போன்றவற்றைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருபவர், மருத்துவரிடம் பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் கால் வலியைத்தான் சொல்வார். மறதியையும் சொல்லுங்கள். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை ஆகியவையும் அதைக் கூட்டும். அவற்றுக்கு மருந்து உண்டு. கூடப் போகிறவர் வீட்டில் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளில் இந்த நோயும் ஒன்று. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். தாமதமாக வந்தாலும், அது அவர் யோசித்துச் சொல்லும் பதில். வீட்டு முடிவுகளில் அதற்குரிய இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்